ஃப்ளோட் காட்டுகிறது, விடிவதற்குள் ஃப்ரிட்ஜ் அணைந்துவிடுகிறது

கேள்வி: வேனை நானே வீடாக மாற்றி ஒன்றரை வருடம் ஆகிறது. கூரையில் 100 வாட் சோலார் பேனல் இரண்டு, சீரிஸில் (ஒன்றன் பின் ஒன்றாக) போட்டிருக்கிறேன். பேனல் மின்சாரத்தைப் பேட்டரிக்கு ஏற்றபடி மாற்றிக் கொடுக்க 30 ஆம்ப் எம்பிபிடி சார்ஜ் கன்ட்ரோலர், 200 ஏஎச் (ஆம்ப் ஹவர்) ஏஜிஎம் பேட்டரி, அதாவது மூடிய வகை லெட் ஆசிட். கன்ட்ரோலர் கண்ணில் படட்டும் என்று ஃப்ரிட்ஜுக்கு மேலே உள்ள அலமாரியில் மாட்டினேன். பேட்டரி பின்சீட்டுக்கு அடியில் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவே 4 ஸ்கொயர் (4 சதுர மில்லிமீட்டர்) வயர், போக 5 மீட்டர், வர 5 மீட்டர். முதல் வருடம் பெரும்பாலும் ஓட்டத்தில்தான் இருந்தோம், ஒரு தொந்தரவும் இல்லை. இப்போது சில மாதங்களாக ஒரே இடத்தில் வாரக்கணக்கில் நிற்கிறோம். மதியம் இரண்டு மணிக்கே கன்ட்ரோலர் ஃப்ளோட்டுக்கு, அதாவது நிரம்பிய பேட்டரியைக் குறைந்த வோல்டேஜில் பராமரிக்கும் நிலைக்குப் போய்விடுகிறது, அப்படியானால் பேட்டரி ஃபுல்தானே? ஆனால் விடிகாலை நான்கு மணிக்கு ஃப்ரிட்ஜ் வோல்டேஜ் இல்லை என்று அணைந்துவிடுகிறது. பேட்டரி விற்பவர் பேட்டரி போய்விட்டது, லித்தியத்துக்கு மாறுங்கள் என்கிறார். நண்பர் இன்னொரு பேனல் போடு என்கிறார். எதைச் செய்வது? பி.கு.: என் மீட்டரும் சரியில்லை போலிருக்கிறது. நல்ல வெயிலில் கன்ட்ரோலர் 14.1 காட்டும்போது பேட்டரியில் வைத்துப் பார்த்தால் 13.5தான் வருகிறது. லேப்டாப்புக்காக இன்வெர்ட்டர் எப்போதும் ஆனில் இருக்கும், அதையும் சொல்லிவிடுகிறேன்.

பதில்:

மீட்டரைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். உங்கள் கடிதத்திலேயே உருப்படியான தகவல் அந்தப் பின்குறிப்புதான். கன்ட்ரோலரில் 14.1, பேட்டரியில் 13.5, அதுவும் ஒரே நேரத்தில் பார்த்தது. பேட்டரி, லித்தியம், மூன்றாவது பேனல் என்று எதற்கும் இப்போதைக்குக் காசு எடுக்க வேண்டாம். அந்த 0.6 வோல்ட் எங்கே போனது என்று முதலில் பார்ப்போம்.

கன்ட்ரோலருக்குப் பேட்டரியைப் பற்றி நேரடியாக எதுவும் தெரியாது. தன் பேட்டரி ஸ்க்ரூவில் என்ன வோல்டேஜ் இருக்கிறதோ அதுதான் பேட்டரியின் வோல்டேஜ் என்று நம்புகிறது. நடுவில் 10 மீட்டர் வயர், ஒரு ஃபியூஸ் ஹோல்டர், நாலைந்து லக் (வயர் முனையில் மாட்டும் உலோக வளையம்), இரண்டு மூன்று நட்டு போல்ட் எல்லாம் இருக்கிறது என்பது அதன் கணக்கில் இல்லை. 4 ஸ்கொயர் காப்பர் வயருக்கு மீட்டருக்குச் சுமார் 4.6 மில்லி ஓம் ரெசிஸ்டன்ஸ். போக வர 10 மீட்டர் என்றால் 46 மில்லி ஓம். உங்கள் பேனல்கள் கூரையில் படுத்த நிலையில் உச்சி வெயிலில் 130, 140 வாட் தரும், அதாவது பேட்டரிப் பக்கம் சுமார் 10 ஆம்ப். 10 ஆம்பை 46 மில்லி ஓமால் பெருக்கினால் 0.46 வோல்ட். நீங்கள் பார்த்தது 0.6. மிச்சம் இருக்கிற 0.14 ஃபியூஸ் ஹோல்டரிலோ, லக்கை வயரோடு நசுக்கி இணைத்த ஏதாவது ஒரு கிரிம்பிலோ உட்கார்ந்திருக்கிறது. பார்த்தீர்களா, கணக்கு எவ்வளவு ஒழுங்காக வருகிறது! மீட்டர் கெட்டிருந்தால் இப்படி வராது.

0.6 வோல்ட், 10 ஆம்ப், ஆக 6 வாட் வயரில் சூடாகப் போகிறது, 140 வாட்டில் 6 வாட் என்ன பெரிய நஷ்டம் என்று தோன்றும். அந்த 6 வாட் போனால் போகட்டும். அந்த வயர் கன்ட்ரோலருக்குத் தப்புத் தகவல் கொடுக்கிறதே, அதுதான் இங்கே கோளாறு. ஏஜிஎம் பேட்டரிக்கு அப்சார்ப்ஷன் கட்டத்தில், அதாவது உயர்ந்த வோல்டேஜில் பிடித்துவைத்து முழுதாக நிரப்பும் கட்டத்தில், 14.4 முதல் 14.7 வோல்ட் வரை தேவை, எவ்வளவு என்று உங்கள் பேட்டரியின் தாளில் போட்டிருப்பார்கள். அந்த வோல்டேஜில் சில மணி நேரம் நின்றால்தான் கடைசி 15, 20 சதவீதம் உள்ளே போகும், தகட்டில் படிந்த சல்பேட்டும் கரையும். உங்கள் பேட்டரிக்கு 13.5 கிடைக்கும்போதே கன்ட்ரோலர் இலக்கைத் தொட்டுவிட்டதாக நினைத்து டைமரை ஆரம்பித்துவிடுகிறது. பல கன்ட்ரோலர்களில் இந்த அப்சார்ப்ஷன் நேரம் இரண்டு மணி நேரம் என்று வைத்திருப்பார்கள். மதியம் பன்னிரண்டுக்குத் தொட்டது, இரண்டு மணிக்கு ஃப்ளோட். நீங்கள் சொன்ன நேரம் இதோடு பொருந்துகிறது.

கரென்ட் குறையக் குறைய வயரில் விழும் வோல்டேஜும் குறையுமே, அப்போது பேட்டரி தானாக மேலே ஏறிவிடாதா என்று கேட்கலாம். கேட்பது சரிதான், 5 ஆம்புக்கு வந்தால் 0.3தான் விழும். ஆனால் உங்கள் ஃப்ரிட்ஜும் இன்வெர்ட்டரும் பேட்டரியில் நேராக இணைந்திருக்கும் என்று நினைக்கிறேன், பெரும்பாலும் அப்படித்தான் செய்வோம். ஃப்ரிட்ஜ் கம்ப்ரஸர் ஓடும்போது 4 ஆம்ப் வரை இழுக்கும். அந்த 4 ஆம்பும் அதே வயர் வழியாகத்தான் வர வேண்டும். ஆகவே பேட்டரி ஒரு ஆம்ப்கூட வாங்காத நேரத்திலும் வயரில் கால் வோல்ட் விழுந்துகொண்டே இருக்கும். ஃப்ளோட்டில் கன்ட்ரோலர் 13.5 கொடுத்தால் பேட்டரி பார்ப்பது 13.2, 13.3. அதில் பேட்டரி நிரம்பாது, சும்மா தாக்குப்பிடிக்கும்.

அப்புறம் இன்னொன்று. கன்ட்ரோலர் ஏன் 14.1 காட்டுகிறது? ஏஜிஎம் என்று செட் செய்திருந்தால் 14.4 அல்லவா காட்ட வேண்டும்? செட்டிங்கைத் திறந்து பாருங்கள், 14.4 என்றுதான் இருக்கும் என்பது என் ஊகம். நீங்கள் அதை மாட்டியிருப்பது ஃப்ரிட்ஜுக்கு மேலே, மூடிய அலமாரியில். ஃப்ரிட்ஜ் தன் சூட்டையெல்லாம் பின்னாலும் மேலேயும்தான் தள்ளும், அதோடு கூரைச் சூடும் சேரும். லெட் ஆசிட் பேட்டரிக்குச் சூடு ஏறினால் சார்ஜ் வோல்டேஜைக் குறைக்க வேண்டும் என்பது விதி, ஒரு செல்லுக்கு டிகிரிக்கு சுமார் 4 மில்லி வோல்ட், 12 வோல்ட் பேட்டரியில் ஆறு செல், ஆக டிகிரிக்கு 24 மில்லி வோல்ட். 25 டிகிரிதான் அடிப்படை. பேட்டரியில் ஒட்டும் தனி சென்சார் இல்லாத கன்ட்ரோலர் தன் வயிற்றுக்குள் இருக்கும் சென்சாரைப் பார்த்துத்தான் முடிவு செய்யும். அலமாரி 37, 38 டிகிரிக்குப் போனால் 12, 13 டிகிரி அதிகம், அதற்கு 0.3 வோல்ட் கழிவு. 14.4 போய் 14.1 ஆகிவிட்டது. சீட்டுக்கு அடியில் நிழலில் கிடக்கும் பேட்டரிக்கு அந்தச் சூட்டோடு சம்பந்தமே இல்லை. ஆக, 14.4 கிடைக்க வேண்டிய பேட்டரிக்கு அலமாரி 0.3, வயர் 0.6 என்று 0.9 வோல்ட் குறைத்துக் கொடுத்துக்கொண்டிருக்கிறீர்கள்.

முதல் வருடம் எப்படி ஓடியது? நீங்களே பதிலை எழுதியிருக்கிறீர்கள். ஓட்டத்தில் இருந்தீர்கள், இன்ஜினோடு சுழலும் ஆல்டர்னேட்டர் நிரப்பியது. கோளாறு புதிதாக வரவில்லை, முதல் நாளே வந்து உட்கார்ந்துவிட்டது. வண்டி நின்ற பிறகுதான் வெளியே தெரிந்தது.

இதைக் கேட்டு மனம் நோக வேண்டாம், இதே தப்பை நான் என் சொந்த வேனில் செய்து ஒரு பேட்டரியைத் தேவையில்லாமல் மாற்றியிருக்கிறேன். வேன்களுக்கு வயரிங் செய்வதுதான் என் பிழைப்பு, அதனால் வெளியே சொல்லவே கூச்சம். புதிய பேட்டரியும் எட்டே மாதத்தில் படுத்துக்கொண்டது. பேட்டரி விற்றவரை மனதுக்குள் திட்டிக்கொண்டே ஒருநாள் மதியம் சீட்டைத் தூக்கி எதையோ தேடும்போது கை ஃபியூஸ் ஹோல்டரில் பட்டது. சட்டென்று இழுத்துக்கொண்டேன், அவ்வளவு சூடு. கறுப்புப் பிளாஸ்டிக் ஒரு பக்கம் பழுப்பேறி லேசாக உருகியிருந்தது, உள்ளே ஃபியூஸ் நன்றாக இருந்தது. ஃபியூஸ் போகவில்லை என்றால் ஃபியூஸ் இருக்கும் இடமும் சரி என்று நினைத்துக்கொள்கிறோம் பாருங்கள், அங்கேதான் மாட்டிக்கொள்கிறோம். ஃபியூஸைக் கவ்வும் தகடு தளர்ந்தால் ஃபியூஸ் ஒன்றும் ஆகாது, ஹோல்டர்தான் வேகும். ஆகவே இன்று மதியம் நல்ல வெயிலில் வழியெல்லாம் கையை வைத்துப் பாருங்கள். கையில் சூடாகப் படுகிற இணைப்பு எதுவாக இருந்தாலும் அதற்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

சரி, அளக்கிற முறை. வெயில் நன்றாக இருக்கும்போது, கன்ட்ரோலர் 8, 10 ஆம்ப் தள்ளிக்கொண்டிருக்கும்போது அளக்க வேண்டும். கரென்ட் ஓடாத நேரத்தில் மோசமான இணைப்பும் நல்ல பிள்ளையாகத்தான் தெரியும். மீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து, ஒரு முனையைக் கன்ட்ரோலரின் பேட்டரி பிளஸ் ஸ்க்ரூவிலும் மறுமுனையைப் பேட்டரியின் பிளஸ் போஸ்ட்டிலும் வையுங்கள். பிளஸ்ஸுக்கும் மைனஸ்ஸுக்கும் நடுவே அளப்பதல்ல இது, பிளஸ்ஸுக்கும் பிளஸ்ஸுக்கும் நடுவே. தூரம் அதிகம் என்பதால் மீட்டர் வயரோடு ஒரு நீள வயரைச் சேர்த்துக்கொள்ளுங்கள், மெல்லிய வயரே போதும், அதில் கரென்ட் போகாது. வரும் எண்தான் அந்த வழியில் தொலைந்த வோல்டேஜ். பிறகு ஃபியூஸ் ஹோல்டருக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று வைத்துப் பாருங்கள். அப்புறம் ஒவ்வொரு லக்காக. 10 ஆம்புக்கு ஒரு இணைப்பில் 0.02 வோல்ட் வந்தால் விட்டுவிடலாம், 0.1 வந்தால் அதை அவிழ்த்துப் பார்த்தே ஆக வேண்டும். பேட்டரிப் போஸ்ட்டில் முனையை வைக்கும்போது லக் மேல் வைக்காமல் போஸ்ட்டின் ஈயத்திலேயே வையுங்கள், இல்லாவிட்டால் லக்குக்கும் போஸ்ட்டுக்கும் நடுவில் இருக்கும் கோளாறு தப்பித்துவிடும். மைனஸ் பக்கமும் இதே மாதிரி. எல்லோரும் பிளஸ்ஸை மட்டும் பார்த்துவிட்டு எழுந்துவிடுகிறார்கள். வேன் பாடியில் எர்த் கொடுத்திருந்தால் அங்கே பெயின்ட்டும் துருவும் சேர்ந்து வேலையைக் காட்டியிருக்கும்.

இனி பரிகாரம். தடிமனான வயர் போடுவது ஒரு வழி. அதைவிட நல்லது கன்ட்ரோலரையே கழற்றிப் பேட்டரிக்கு அருகில் கொண்டுவந்துவிடுவது. இப்போது பேனலிலிருந்து கன்ட்ரோலருக்குக் குட்டை வயர், கன்ட்ரோலரிலிருந்து பேட்டரிக்கு நீள வயர் என்று இருக்கிறது, இதைத் தலைகீழாக மாற்றுங்கள். சீரிஸில் இருப்பதால் பேனல் பக்கம் 36 வோல்ட் அளவில் 4 ஆம்புக்கு மேல் பெரிதாக வராது. அந்த 10 மீட்டர் 4 ஸ்கொயர் வயர் அங்கே வந்தால் தொலைவது 0.2 வோல்ட்தான், 36-ல் 0.2 எந்த மூலைக்கு, எம்பிபிடி அதைப் பொருட்படுத்தாது. கன்ட்ரோலரிலிருந்து பேட்டரிக்கு 70 சென்டிமீட்டர் 10 ஸ்கொயர் வயர் போட்டால் 10 ஆம்பில் வயரில் விழுவது 0.03 வோல்ட்கூட இருக்காது. சூட்டுப் பிரச்சினையும் இதிலேயே தீர்ந்துவிடும், கன்ட்ரோலரும் பேட்டரியும் ஒரே காற்றில் இருக்கும். ஆனால் பேட்டரிக்கு நேர் மேலே, மூச்சுவிட இடமில்லாத பெட்டிக்குள் மாட்டாதீர்கள். சூட்டை வெளியேற்றும் ஃபின் (உலோகத் தகடுகள்) செங்குத்தாக இருக்கும்படி, மேலும் கீழும் ஒரு சாண் இடைவெளி விட்டுச் சுவரில் மாட்டுங்கள். கண்ணில் படவில்லையே என்றால் தனி டிஸ்ப்ளே மேலே வைத்துக்கொள்ளலாம், அதன் வயர் எவ்வளவு நீளமானாலும் கவலையில்லை.

மாற்றும்போது ஒழுங்கு முக்கியம். முதலில் பேனலைப் பிரிக்க வேண்டும், பிறகுதான் பேட்டரி. மாட்டும்போது முதலில் பேட்டரி, கடைசியில் பேனல். வெயிலில் கரென்ட் ஓடும்போது பேனல் கனெக்டரை இழுத்தால் உள்ளே தீப்பொறி வந்து கனெக்டர் கருகிவிடும், அதனால் பேனல்கள் மேல் தடிமனான போர்வையைப் போட்டு மூடிவிட்டோ அல்லது இருட்டிய பிறகோ செய்யுங்கள். பேட்டரி மைனஸை முதலில் கழற்றுங்கள். கையில் மோதிரம், மெட்டல் கடிகாரம் வேண்டாம். ஸ்பானர் ஒரு முனை பிளஸ்ஸிலும் மறுமுனை பாடியிலும் பட்டால் என்ன ஆகும் என்பதை ஒருமுறை பார்த்தவன் நான், மறுமுறை பார்க்க விருப்பமில்லை. ஃபியூஸ் பேட்டரி பிளஸ்ஸுக்கு ஒட்டினாற்போல இருக்கட்டும், பிளேடு ஹோல்டர் வேண்டாம், போல்ட் போட்டு இறுக்குகிற வகையாக வாங்கிக்கொள்ளுங்கள். 30 ஆம்ப் கன்ட்ரோலருக்கு 40 ஆம்ப் ஃபியூஸ்.

பேனல்களை நான் சந்தேகிக்கவில்லை, 10 ஆம்ப் வருகிறதென்றால் அவை வேலை செய்கின்றன. கூரை வென்ட்டின் மூடியோ பெட்டியோ மாலையில் ஒரு பேனல் மேல் நிழல் போடுகிறதா என்று மட்டும் ஒருமுறை ஏறிப் பாருங்கள். சீரிஸில் ஒன்று நிழலில் விழுந்தால் பாதிக்கு மேல் போய்விடும்.

உங்கள் நண்பர் சொன்ன மூன்றாவது பேனலுக்கு வருகிறேன். அவர் சொன்னதில் கொஞ்சம் நியாயம் இருக்கிறது, ஆனால் அதற்கு முன்னால் இன்வெர்ட்டரைப் பற்றிப் பேச வேண்டும். போகிற போக்கில் சொல்லிவிட்டீர்கள், அது சாதாரண விஷயமில்லை. எதுவும் சொருகாமல் சும்மா ஆனில் இருக்கும் இன்வெர்ட்டர் 10 முதல் 20 வாட் வரை தின்னும். 15 என்று வையுங்கள், 24 மணி நேரத்துக்கு 360 வாட் ஹவர். உங்கள் ஃப்ரிட்ஜ் 45 வாட், அதில் நாளில் பாதிக்குக் கொஞ்சம் குறைவான நேரம்தான் கம்ப்ரஸர் ஓடும், சுமார் 480 வாட் ஹவர். அதாவது முக்கால் ஃப்ரிட்ஜ் அளவுக்கு ஒரு வேலையும் செய்யாத பெட்டி தின்றுகொண்டிருக்கிறது. வருமானம் என்ன? கூரையில் படுத்த நிலையில் 200 வாட் பேனல், நல்ல நாளில் நான்கு மணி நேர முழு வெயிலுக்குச் சமம் என்று வைத்து, சூட்டுக்கும் தூசுக்கும் கழித்தால் 550 வாட் ஹவர் அளவு. செலவு ஃப்ரிட்ஜும் இன்வெர்ட்டரும் மட்டுமே 840. இதற்கு எந்த வயரிங்கும் பதில் சொல்ல முடியாது. லேப்டாப்புக்கு 12 வோல்ட்டில் நேராக ஓடும் சார்ஜர் ஒன்று வாங்கிவிட்டு இன்வெர்ட்டரை அணையுங்கள், தேவைப்படும்போது மட்டும் போடுங்கள். அதற்குப் பிறகும் மேகமூட்டமான நாட்களில் இடிக்கும் என்றால் அப்போது பேனலைப் பற்றி யோசிக்கலாம்.

பேட்டரி உயிரோடு இருக்கிறதா? மாதக்கணக்கில் அரைகுறையாக நிரம்பியதால் சல்பேட் இறுகியிருக்கும், கொஞ்சம் கொள்ளளவு போயிருக்கும் என்பதை மறைக்கப் போவதில்லை. ஆனால் பரிசோதிக்காமல் தூக்கிப் போடக் கூடாது. வயரிங்கைச் சரிசெய்த பிறகு, கிடைத்தால் மெயின்ஸ் சார்ஜரில் ஒரு இரவு முழுக்கப் போடுங்கள், இல்லையென்றால் அப்சார்ப்ஷன் நேரத்தை நான்கு மணி நேரமாக ஏற்றி, ஃப்ரிட்ஜைத் தவிர எதையும் போடாமல் மூன்று நான்கு நல்ல வெயில் நாள் விடுங்கள். பிறகு பேனலையும் லோடையும் பிரித்துவிட்டு ஆறேழு மணி நேரம் கழித்து அளந்தால் 12.8 பக்கம் நிற்க வேண்டும். அதன் பிறகு 5 ஆம்ப் இழுக்கும் ஏதாவது ஒன்றைப் பத்து மணி நேரம் ஓடவிடுங்கள். 200 ஏஎச்சில் 50 போயிருக்கும், கால் பங்கு. அணைத்து ஒரு மணி நேரம் கழித்து 12.4க்குக் குறையாமல் இருந்தால் பேட்டரி தேவலை. 12 வோல்ட்டுக்குக் கீழே போய்விட்டால் பேட்டரி விற்பவர் சொன்னது உண்மை, காரணம்தான் வேறு. ஈக்வலைசேஷன் (வேண்டுமென்றே கூடுதல் வோல்டேஜில் சார்ஜ் செய்வது) பட்டனைப் பார்த்து ஆசைப்பட வேண்டாம், தயாரிப்பாளர் அனுமதித்தால் ஒழிய ஏஜிஎம்முக்கு அது ஆகாது.

அடுத்தமுறை ஃப்ரிட்ஜ் நான்கு மணிக்கு அணையும்போது அலுத்துக்கொண்டாலும் எழுந்து பேட்டரியில் மீட்டரை வைத்துப் பார்த்துவிடுங்கள். 11.5 இருந்தால் பேட்டரி நிஜமாகவே காலி. 12.1, 12.2 இருந்தும் ஃப்ரிட்ஜ் அணைந்திருந்தால் பேட்டரிக்கும் ஃப்ரிட்ஜுக்கும் நடுவே உள்ள வயரும் இதே கதைதான், கம்ப்ரஸர் கிளம்புகிற நொடியில் வோல்டேஜ் விழுந்து ஃப்ரிட்ஜ் பயந்து நின்றுவிடுகிறது. பல ஃப்ரிட்ஜ்களில் பேட்டரிப் பாதுகாப்புக்கு மூன்று நிலை இருக்கும், மேல் நிலையில் இருந்தால் நடு நிலைக்கு இறக்குங்கள்.

லித்தியம் பற்றி ஒரு வார்த்தை. இப்போதுள்ள வயரிங்கிலேயே லித்தியம் அயர்ன் பாஸ்பேட் போட்டிருந்தால் 13.6 வோல்ட்டிலும் அது ஏறக்குறைய நிரம்பியிருக்கும், லித்தியம்தான் சரி என்று நீங்களும் நம்பியிருப்பீர்கள், ஃபியூஸ் ஹோல்டர் அடியில் அமைதியாக வெந்துகொண்டிருந்திருக்கும். பின்னால் மாறுவதாக இருந்தால் மாறுங்கள், நல்ல பேட்டரிதான். ஆனால் அன்றைக்குக் கன்ட்ரோலரில் சூட்டுக்கேற்ற வோல்டேஜ் திருத்தத்தை அணைத்துவிட வேண்டும், லித்தியத்துக்கு அது கூடாது. உறைநிலைக்குக் கீழே சார்ஜ் செய்வதும் கூடாது, அதைத் தடுக்கும் பிஎம்எஸ் (பேட்டரியைக் காக்கும் சர்க்யூட்) இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள்.

கன்ட்ரோலரை இடம் மாற்றிய பிறகு ஒரு மதியம் அதே இரண்டு எண்களையும் எடுத்து எழுதுங்கள், கன்ட்ரோலரில் எவ்வளவு, பேட்டரியில் எவ்வளவு, அப்போது எத்தனை ஆம்ப். வித்தியாசம் 0.1க்குள் இருந்தால் என் வேலை முடிந்தது. அதற்கு மேல் இருந்தால் மைனஸ் லக்கைக் கழற்றி உப்புத்தாளால் தேய்த்துவிட்டு, மறுபடி அளந்த பிறகு எழுதுங்கள்.